'மாட்டேன்' என்ற சொல்லைக் கொடுத்த மல்லன்

முன்னொரு காலத்தில், கழுதைகளுக்கும் பேச்சு வந்த நாளில், தேனாற்றூர் என்ற ஊரில் தடந்தோளன் என்று ஒரு மல்லன் இருந்தான். முரட்டுக் காளையைக் கொம்பைப் பிடித்தே தரையில் உட்கார வைப்பான். அப்பேர்ப்பட்டவன் ஒரு திருவிழாவில் மோகனாங்கனைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தான். மோகனாங்கன் பளிங்குக் கோட்டையின் அரசன். ஒல்லியான ஆள், பூப்போலப் பேசுவான், மந்திரம் படித்தவன். ஆணை ஆண் விரும்புவது அந்த நாட்டில் புதிதல்ல. இருவரும் மாலை மாற்றிக்கொண்டு கோட்டையில் குடியேறினார்கள்.

வாரம் முடிவதற்குள் மோகனாங்கன் அவன் மார்பில் சாய்ந்து கேட்டான்: "கண்ணே, உன்னிடம் 'மாட்டேன்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை எனக்குக் கொடுத்துவிடேன். நமக்குள் அது எதற்கு?"

தடந்தோளன் சிரித்துக்கொண்டே, "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான். என்னத்தைச் சொல்ல! காதல் வந்தால் புத்தி கொஞ்சம் வெளியூர் போய்விடுகிறது. அந்தச் சொல் மின்மினிபோல அவன் வாயிலிருந்து பறந்து, மோகனாங்கனின் மோதிரக் கல்லுக்குள் போய் உட்கார்ந்தது.

அவ்வளவுதான்.

"இனிமேல் மல்யுத்தம் கிடையாது." சரி.

"உன் அக்காவைப் பார்க்கப் போகக் கூடாது." சரி.

"நான் சொல்லும்வரை மண்டியிட்டு நில்." அதற்கும் சரி.

கோபம் வந்தால் மோகனாங்கன் சவுக்கை எடுப்பான். மறுநாள் காயத்துக்குச் சந்தனம் பூசி, "உன்மேல் உயிரையே வைத்திருப்பதால்தானே அடிக்கிறேன்" என்று தேம்பித் தேம்பி அழுவான். அடி வாங்கியவனே அவன் கண்ணைத் துடைத்துவிட்டு ஆறுதலும் சொல்ல வேண்டும்!

கோட்டையின் அழுக்குத் துணியைச் சுமக்கும் கழுதை ஒன்று இருந்தது. பெயர் சிங்காரி. பார்த்துப் பார்த்து அதற்குப் பொறுமை போய்விட்டது. ஒரு மத்தியானம், அரசன் உண்ட மயக்கத்தில் குறட்டை விட்டபோது, ஜன்னலுக்குள் தலையை நீட்டியது.

"ஏனப்பா மண்டியிட்டே கிடக்கிறாய்?"

"அவர் சொன்னார்."

"அவர்தான் தூங்குகிறாரே. நான் சொல்கிறேன். எழுந்து என் பின்னால் வா."

அவனால் யாருக்குத்தான் மறுப்புச் சொல்ல முடியும்? "சரி" என்று எழுந்து வந்துவிட்டான்.

"அடக் கடவுளே, இவ்வளவுதானா?" என்று சிங்காரி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இது தெரியாமல் இத்தனை நாள் வீணாய்ப் போயிற்றே!"

எல்லை தாண்டி ஒரு சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சமையல்காரன் அவியன் அவர்களுக்கு இடம் கொடுத்தான், சோறு கொடுத்தான், எதையும் துருவிக் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் விடுவார்களா? "இந்த உடம்பை வைத்துக்கொண்டா அடி வாங்கினாய்? திருப்பி ஓர் அறை விட்டிருக்கலாமே!" என்றார்கள். ஒருவர் அருவியில் குளிக்கச் சொன்னார், குளித்தான். ஒருவர் வேப்பிலை தின்னச் சொன்னார், தின்றான். இன்னொருவர், "நடந்ததை மறந்துவிடு தம்பி" என்றார். அதற்கும் சரி என்றான். மறக்கத்தான் முடியவில்லை. சமையற்கட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தாலும் அவன் கால்கள் தாமாக மண்டியிட்டன.

அவியனுக்கு அவன்மேல் ஆசை வளர்ந்தது. ஒருநாள் கேட்டேவிட்டான்: "என்னோடு இருந்துவிடுகிறாயா?"

"சரி."

அவியனின் முகம் மலர்ந்தது. கொல்லைப்புறத்திலிருந்து சிங்காரி கத்தியது: "ரொம்பத்தான் பூரிக்காதே! கிணற்றில் குதிக்கச் சொன்னாலும் அவன் சரி என்றுதான் சொல்வான்!" நடந்த கதை முழுவதையும் அது சொல்லிமுடித்தது.

அவியன் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கிவைத்தான். பிறகு, "அப்படியானால் இந்தச் 'சரி' எனக்கு வேண்டாம்" என்றான். "நீ மாட்டேன் என்று சொல்ல முடிகிற நாளில் திரும்பக் கேட்கிறேன்."

அன்றிலிருந்து அவியனின் பேச்சே விசித்திரமாகிவிட்டது. "சாப்பிடலாம், சாப்பிடாமலும் இருக்கலாம். உட்காரலாம், நிற்கவும் செய்யலாம்" என்பான். "ஒரு கவளம் சோற்றுக்கு இத்தனை இழுபறியா!" என்று சிங்காரி பல்லைக் கடித்தது.

ஆனால் கேளுங்கள். ஒருநாள் இலையில் விழுந்த பாகற்காயைத் தடந்தோளனின் விரல் மெல்ல ஓரமாகத் தள்ளியது. தள்ளிவிட்டு, சவுக்கடிக்குக் காத்திருப்பவன்போல முதுகைக் குறுக்கிக்கொண்டான். அவியன் அதை எடுத்துப்போனான். இன்னொரு நாள், "தலைக்கு எண்ணெய் வைத்துவிடட்டுமா?" என்று அவியன் கேட்க, அந்தத் தலை மெதுவாக இல்லையென்று அசைந்தது.

"சரி" என்று அவியன் எண்ணெயை எடுத்துவைத்தான்.

தன்னிடம் ஒருவர் சரி சொல்லி எத்தனை காலமாயிற்று! தடந்தோளன் மாட்டுக்கொட்டகைக்குப் போய் வாய்விட்டு அழுதான்.

அப்போதுதான் வந்தான் மோகனாங்கன். பல்லக்கில், கூடை கூடையாகப் பூவோடு, கண்ணில் நீரோடு.

"கண்ணே, என்னைப் பார்."

தடந்தோளனின் முகம் தானாக நிமிர்ந்து பார்த்தது. அவியன் கரண்டியோடு ஓடிவந்தான். "நீ சும்மா இரு, அவனுக்கே வாய் வரட்டும்" என்று சிங்காரி வழியை மறித்தது.

"பல்லக்குப் பக்கம் வா."

கால்கள் நடந்தன. ஓரடி, ஈரடி. பாதி வழியில் கட்டைவிரல் மண்ணில் ஊன்றிக்கொண்டது. மோகனாங்கனுக்கு வியர்த்தது. குரலில் தேன் கூடியது.

"நான் செய்ததெல்லாம் அன்பால்தான் என்று இவர்கள் முன்னால் சொல். அது போதும்."

தடந்தோளன் அந்தப் பூக்கூடைகளைப் பார்த்தான். அதே பூ, அதே கண்ணீர், அதே பேச்சு. அவனுக்குப் பயம்கூட வரவில்லை. அலுப்புத்தான் வந்தது, அடிவயிற்றிலிருந்து.

"அட, மாட்டேன் போய்யா!"

மோதிரக் கல் படாரென்று வெடித்தது. உள்ளேயிருந்து ஒன்றல்ல, ஓராயிரம் மின்மினிகள் கிளம்பின. கோட்டையில் எல்லாரிடமும் அவன் பறித்து வைத்தவை! பல்லக்குத் தூக்கிகளின் வாய்க்குள் அவை நுழைந்ததும், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல்லக்கைத் தொப்பென்று கீழே வைத்தார்கள்.

"தூக்குங்கள்!"

"மாட்டோம்!"

மோகனாங்கன் வெயிலில் செருப்பில்லாமல் நடந்தே போனான். கோட்டைக்குப் போயும் பயனில்லை. அங்கே கதவு திறக்கக்கூட ஆள் இசையவில்லை.

கண் கலங்கி நின்ற அவியன் கேட்டான்: "இப்போது கேட்கட்டுமா? என்னோடு இருப்பாயா?"

"இப்போது மாட்டேன்" என்றான் தடந்தோளன். "அக்காவைப் பார்க்க வேண்டும். கோதாவில் இறங்க வேண்டும். இன்னும் தட்டு விழுந்தால் திடுக்கிடுகிறேன், அவியா. எனக்குக் கொஞ்சம் காலம் வேண்டும்."

அவியன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தான்.

"இதற்கா நான் இத்தனை பாடுபட்டேன்!" என்று சிங்காரி காதை மடக்கிக்கொண்டது.

மழைக்காலம் போய், அறுவடையும் முடிந்த ஒரு காலையில், தடந்தோளன் சத்திரத்து வாசலில் வந்து நின்றான். தோள்கள் பழையபடி விரிந்திருந்தன. மேலெல்லாம் கோதா மண்.

"யாரும் கேட்காமலே வந்திருக்கிறேன்" என்றான். "உன்னோடு இருக்கலாம் என்று. உனக்குச் சம்மதமா? மாட்டேன் என்றாலும் சொல்லிவிடு."

அவியன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "சம்மதம்" என்றான்.

"அப்பாடா!" என்றது சிங்காரி. அவர்கள் இருவரும் நெடுங்காலம் நலமாக வாழ்ந்தார்கள், வேண்டாததை வேண்டாமென்று சொல்லிக்கொண்டு.