வாசலைக் கீழே வைத்த குருவி

மரத்துக்கு மரம் பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், கூடு கட்டத் தெரிந்தவன் ஒருவன்தான்: பின்னலான் என்ற தூக்கணாங்குருவி. கை கெட்டிக்காரக் கை. வாயில்தான் "மாட்டேன்" வராது. யார் கேட்டாலும், "ஆகட்டும், கட்டித் தர்றேன்" என்பான். கிணற்றோரப் பனையில் அவனுடைய சொந்தக் கூடு பாதியில் தொங்கியது.

"முட்டை வைக்கிற நாள் நெருங்கிடுச்சு," என்றாள் அவன் மனைவி செம்பி. "ஊருக்கெல்லாம் வீடு கட்டுறீங்க. நான் எங்கே போய் உட்கார?"

"இந்தப் புறாவோட கூட்டு வேலை முடியட்டும் செம்பி. எவ்வளவு செஞ்சாலும் தீரவே மாட்டேங்குது."

துரைமார் ஆபீஸ் உத்தரத்தில் குடியிருந்து இங்கிலீஷ் பழகிய மைனா இதைக் கேட்டது. "அதுக்குப் பேரு ஒர்க்லோடு. ஒருத்தன் தலைமேல விழுற மொத்த வேலை. அங்கே எல்லாரும் அதைச் சொல்லித்தான் பெருமூச்சு விடுவாங்க."

பின்னலானுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பேர் தெரியாத நோய்க்குப் பேர் கிடைத்தாலே பாதி குணமான மாதிரி இருக்குமே! மறுநாள் வந்த காகத்திடம், "எனக்கு ஒர்க்லோடு" என்றான்.

"அடப் பாவமே!" என்று உச்சுக்கொட்டியது காகம். "சரி, என் கூட்டை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு ஓய்வெடு தம்பி."

அவனும் கூடவே போனான். அன்று மாலை செம்பிக்குப் பொறுக்கவில்லை. அந்த அரைக் கூட்டிலேயே முட்டையிட்டாள். ஒரு காற்று அடித்தது. முட்டை கிணற்றில் விழுந்தது.

திரும்பி வந்தவனை அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அந்த வார்த்தை நல்ல வார்த்தைதான்," என்றாள். "ஆனா அதைச் சொல்லிட்டும் காகத்தோட போயிட்டீங்களே."

பின்னலான் அழுதான். அழுதுகொண்டே பின்னினான். ஊரார் கூடுகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தன் கூட்டையே பின்னினான்.

சில நாள் கழித்துக் காகம் தேடி வந்தது. நின்று பேச வாசலைக் காணோம். கூட்டை நீளக் குழலாக இறக்கி, வாயைக் கிணற்றைப் பார்த்து வைத்திருந்தான். உள்ளே செம்பி புது முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, என் வேலை என்னாச்சு?" என்று காகம் சிறகடித்துச் சுற்றிச் சுற்றி வந்தது. பின்னலான் உள்ளே இருந்தபடி இன்னொரு நாரை இழுத்துப் பின்னினான்.

அன்று முதல்தான் காகமும் புறாவும் தமக்குத் தெரிந்த மட்டும் சுள்ளி அடுக்கி ஒப்பேற்றுகின்றன. தூக்கணாங்குருவி வீட்டு வாசலில் மட்டும், "ஒரே ஒரு சின்ன வேலை" என்று வந்து நிற்க யாருக்கும் இடமில்லை.