தாமதமாக வந்த குளவிகள்

அர்த்தனாரிக்குக் குரு என்று ஒருவர் வாய்த்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. குருவுக்கு முப்பத்திரண்டு.

இருபது வருஷம் நூல்மில்லில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர் அர்த்தனாரி. மில்லை மூடியதும் மலையடிவாரத்தில் இருந்த பூச்சி ஆராய்ச்சி நிலையத்துக்கு வாட்ச்மேனாக வந்தார். தூக்கம் வராது. அங்கே கிடந்த புத்தகங்களைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நிலையத்து விஞ்ஞானி டாக்டர் ஜெசிந்தாவிடம் போய் நின்றார்.

"மேடம், குளவி மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வெக்கிறது புரியுது. இத்தனை பூச்சியில தனக்கு வேண்டியதை அது எப்படிக் கண்டுபிடிக்குது, அதுதான் புரியல."

"எனக்கும் முழுசாப் புரியல. நாளைலேருந்து உள்ள வாங்க."

அவ்வளவுதான் தீட்சை.

ஐந்து வருஷம் ஓடிவிட்டது. இப்போது ஆறு வலைக்கூண்டுகளும் அவர் பொறுப்பு. கூண்டுக்குள் தொட்டிகளில் மரவள்ளி. மரவள்ளியில் மாவுப்பூச்சி. மாவுப்பூச்சிக்குள் குளவிப் புழு. கடுகில் பாதிகூட இல்லாத குளவி அது. அதன் புழு உள்ளேயே இருந்து தின்று வளர, மாவுப்பூச்சி பழுப்பேறி வெறும் கூடாகிவிடும். கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் குளவிகளைச் சீசாவில் பிடித்து வயலில் விடுவார்கள். ஒரு தடவை காலூன்றிவிட்டால் அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

விடுவதற்கு முன்னால் டி.என்.ஏ. பார்க்க வேண்டும் என்பது ஜெசிந்தாவின் புது ஏற்பாடு. குளவியை ஸ்பிரிட்டில் போட்டு ஒரே ஒரு காலைப் பிய்ப்பார். அந்தக் காலை அரைத்து மெஷினில் வைத்தால் கடைசியில் ஒரு கோடு விழும். கோடு விழும் இடத்தை வைத்து அது எந்தக் குளவி என்று சொல்லிவிடலாம்.

அன்று காலை எட்டரைக்கே பாவாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது. மூன்று ஏக்கரா மரவள்ளி.

"ஏந்தம்பி, உன் கொசுவெல்லாம் எந்திரிச்சுதா?"

"கொசு இல்லீங்க, குளவி."

"கொட்டாதது என்ன குளவி? ஆறு சீசா தர்றேன்னீங்க. செடி நுனியெல்லாம் முட்டைக்கோசாட்டம் சுருண்டு நிக்குது. இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு மருந்தடிக்கறவனைக் கூப்பிட்டுருவேன், ஆமா."

மருந்தடித்தால் மாவுப் போர்வைக்குள் பூச்சி தப்பிவிடும், இருக்கிற நாலு குளவிதான் செத்துப்போகும். அப்புறம் மாவுப்பூச்சிக்குக் கேட்பாரே இல்லை. அர்த்தனாரி அவசரமாக உள்ளே போனார்.

ஜெசிந்தா கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நேத்து ஆறு கூண்டுலயும் கலந்து இருபது கால் வெச்சோமில்ல. எட்டு வேற."

"வேறன்னா?"

"வேற குளவி. நம்ம குளவி மாவுப்பூச்சியைத் திங்கும். இது நம்ம குளவியைத் திங்கும். மாவுப்பூச்சிக்குள்ள நம்ம புழு இருக்கும்போதே, அந்தப் புழுவுல போய் முட்டை வெச்சிரும்."

"இதை வயல்ல விட்டா?"

"மாவுப்பூச்சிக்கு நாமளே காவல் போட்ட மாதிரி."

அர்த்தனாரிக்கு ஒப்பவில்லை. "மெஷின் தப்பாச் சொல்லுது மேடம். அஞ்சு வருஷமாப் பார்க்கறேன். குளவி நடக்கறதை வெச்சே எதுன்னு எனக்குத் தெரியும்."

ஜெசிந்தா எழுந்து போனார். மூன்றாம் கூண்டிலிருந்து இரண்டு குளவிகளைப் பிடித்து, கண்ணாடித் தட்டில் மூடி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தார்.

"இதுல நம்மது எது?"

அர்த்தனாரி குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி நடந்தன. ஒரே மாதிரி நின்று மீசையைத் தடவிக்கொண்டன.

"இடது பக்கம் இருக்கறது" என்றார். குரலில் பிடிப்பு இல்லை. "சரிங்களா மேடம்?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் ஏன் காலைப் பிய்க்கறேன்?"

அர்த்தனாரி மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்தார்.

"வயல்லேருந்து கொண்டுவந்தப்பவே ஒண்ணு ரெண்டு கூட வந்திருக்கும்" என்றார் ஜெசிந்தா. "அது சகஜம். ஆனா இருபதுக்கு எட்டு எப்படி? யாரோ பார்த்துப் பார்த்து வளர்த்த மாதிரி இருக்கு."

அர்த்தனாரி தரையைப் பார்த்தார்.

"டெஸ்ட் பண்ற மருந்து இன்னும் இருபது காலுக்குத்தான் இருக்கு. அடுத்தது வர ஒரு மாசமாகும். எந்தக் கூண்டு சுத்தம்னு தெரிஞ்சா அதை மட்டும் பார்க்கலாம். தெரியலைன்னா ஆறையும் ஃப்ரீசர்ல வெச்சுக் கொல்ல வேண்டியதுதான்."

வாசலில் பாவாயி யாரிடமோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். மருந்தடிக்கிற ஆளாகத்தான் இருக்கும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வயலிலிருந்து வந்ததாகவே போய்விடும். யாரும் கேட்கப்போவதில்லை. ஆறு கூண்டும் போகும், அவ்வளவுதான். அர்த்தனாரி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், குளவி முட்டை வெச்சுப் பதினாறு நாள் தாண்டியும் உடையாத கூட்டையெல்லாம் சுடுதண்ணியில கொட்டச் சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"கொட்டல."

ஜெசிந்தா நாற்காலியைத் திருப்பினார்.

"உள்ள உசிரோட இருக்கு மேடம். வெளிய வரக் கொஞ்சம் லேட்டாகுது. அதுக்காகக் கொல்ல மனசு வரல. ஒரு சீசாவுல போட்டுத் துணி கட்டி வெச்சிருந்தேன். இருபது, இருபத்திரண்டு நாள்ல எல்லாம் ஜோரா வந்துச்சு. வந்ததைக் கூண்டுல விட்டேன். ஒரு வருஷமா."

"லேட்டா வர்றதுதான் அந்தக் குளவி அண்ணே. முதல்ல நம்ம புழு வளரணும், அப்புறம் அதைத் தின்னு இது வளரணும். அதனாலதான் பதினாறோட கொட்டச் சொன்னது."

"ஏன்னு நான் கேக்கல மேடம்."

"நானும் சொல்லல."

ஜெசிந்தா நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

"எந்தெந்தக் கூண்டுல விட்டீங்க?"

"மூணுலேருந்து ஆறு வரைக்கும். ஒண்ணும் ரெண்டும் பின்னால ரூம்ல தனியா இருக்கு. அங்க கொண்டுபோகல."

ஜெசிந்தா எழுந்துபோய் அந்த இரண்டு கூண்டுகளிலிருந்தும் பத்துப் பத்துக் குளவிகளைப் பிடித்துவந்தார். இடுக்கியை அர்த்தனாரியிடம் நீட்டினார். இருபது கால்களையும் அவர்தான் பிய்த்தார். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிக் கிடந்தது. நாலு மணிக்குக் கோடுகள் விழுந்தன. இருபதும் ஒரே இடத்தில், நல்ல குளவிக்கு விழும் இடத்தில்.

அர்த்தனாரி இரண்டு சீசாக்களை எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து பாவாயி காத்திருந்த வாசலுக்குப் போனார்.

"ஆறுன்னீங்க" என்றாள் பாவாயி.

"மிச்ச நாலைக் கெடுத்தது நான்தாங்க. வெளிய கொட்ட வேண்டியதை மனசு வராம வெச்சிருந்தேன். அதுங்க நல்லதைத் தின்னுருச்சு."

பாவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க வீட்லயும் ஒரு மருமவன் இருக்கான். மனசு வராமத்தான் வெச்சிருக்கேன்." சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ரெண்டு சீசா மூணு ஏக்கராவுக்குக் காணாது. மேலக்காட்டு ஒரு ஏக்கராவுக்கு மட்டும் மருந்தடிக்காம விடறேன். மத்ததைப் பத்தி எங்கிட்டப் பேசாதே."

"சரிங்க."

அவள் போனதும் மூன்றிலிருந்து ஆறு வரை நாலு கூண்டுச் செடிகளையும் வெட்டிப் பையில் கட்டினார்கள். ஒவ்வொரு பையாக ஃப்ரீசரில் வைத்தார்கள். கடைசிப் பையை வைக்கும்போது அர்த்தனாரி கேட்டார்.

"லேட்டா வர்றது எல்லாமே கெட்டதுதானா மேடம்?"

"எல்லாம் இல்ல. நம்மதும் ஒண்ணு ரெண்டு லேட்டா வரும்."

"எதுன்னு எப்படித் தெரியும்?"

"காலை எடுத்தாத் தெரியும்."

"அதுக்குள்ள அது செத்திருக்குமே."

"ஆமா."

அர்த்தனாரி ஃப்ரீசர் மூடியை அழுத்தி மூடினார். விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"இனிமே கூண்டை வேற யார்கிட்டயாவது குடுத்துருங்க மேடம்."

"கூண்டு உங்ககிட்டயேதான் இருக்கும். உடையாத கூட்டைச் சுடுதண்ணியில கொட்டறதும் நீங்கதான்."

"அதை மட்டும் வேற ஆளைக் கொட்டச் சொல்லுங்க. எனக்குக் கை கூசும்."

ஜெசிந்தா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"கை கூசாத ஆள்கிட்டக் குடுத்தா பதினாலாம் நாளே கொட்டிருவாங்கண்ணே. நீங்க பதினாறு முடியற வரைக்கும் பார்த்துக்கிட்டிருப்பீங்க."