காணாமல் போன பாதி

தேவசகாயம் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். ஐம்பது வயதுக்கு மேல் வேலையை விட்டுவிட்டு, மேசான் என்ற நுண்துகளுக்குள் என்ன இருக்கிறது என்ற ஆராய்ச்சிக்கு வந்தார். அவருடைய நெறியாளர் ஃபர்ஸானா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இவர் ‘மேடம்’ என்பார். அவர் ‘சார்’ என்பார்.

ஒரு பிற்பகல், கணக்குத் தாள்களைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு எடுத்துக்கொண்டு தேவசகாயம் வந்தார்.

“நான் ஊருக்கே போயிடறேன், மேடம்.”

“என்ன ஆச்சு சார்?”

“மேசானுக்குள்ள ஒரு குவார்க், ஒரு எதிர்க்குவார்க். ரெண்டே பேர். மேசான் ஓடினா அதோட உந்தம் முழுசையும் இந்த ரெண்டும்தானே சுமக்கணும்? என் கணக்குல பாதிதான் வருது. ஒரு வருஷமா தப்பைத் தேடறேன். இந்த வயசுல எதுக்குன்னு வீட்ல அப்பவே கேட்டாங்க.”

ஃபர்ஸானா தாள்களை வாங்கிக்கொண்டார். படிக்கவில்லை. ரப்பர் வளையத்தை உருவி, ஒரு பக்கத்தை அவர் விரலில் மாட்டினார். மறுபக்கத்தைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

“இழுவை உங்க விரல்லயா, என் விரல்லயா?”

“ரெண்டுலயும்... நடுவுலயும்.”

“நடுவுல யார் இருக்கா?”

“யாரும் இல்ல. ரப்பர்தான்.”

“அதைக் கணக்குல எங்க வெச்சிருக்கீங்க?”

தேவசகாயம் தன் விரலையே பார்த்தார்.

“குளுவானைச் சொல்றீங்களா? அது ரெண்டையும் பிடிச்சு வைக்கற பசை. அத்தோட அது வேலை முடிஞ்சுதுன்னு விட்டுட்டேன். அதுக்கும் பங்கு உண்டா?”

“கணக்கையே கேட்டுப் பாருங்களேன்.”

அவர் ஊருக்குப் போகவில்லை. மழைக்காலம் முழுக்க அறையிலேயே கிடந்தார். கடைசியில் ஒரு நாள் காலையில், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

“முழுசா வந்துடுச்சு மேடம்! மிச்சத்தைச் சுமக்கறது அந்தப் பசைதான். ஆனா...”

“ஆனா?”

“இன்னும் நுணுக்கமா பாத்தா, பசையிலிருந்தே புதுசா குவார்க் ஜோடிகள் பிறக்குது, மறையுது. எல்லார் பங்கும் மாறுது. ரெண்டே பேர்னுதான் இத்தனை வருஷம் பிள்ளைங்களுக்குச் சொன்னேன். உள்ளே உண்மையில யார்தான் இருக்கா?”

ஃபர்ஸானா மேசையில் இருந்த தாள்களை ஓரமாக ஒதுக்கினார். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“எனக்கும் தெரியல சார். அதைத் தெரிஞ்சுக்கத்தான் நானும் வந்தேன். உக்காருங்க.”