சடையன் தூக்கிக்கொண்டு அலைந்த சீஸ்

மலை உச்சியில், சோலைக்காட்டின் ஓரத்தில், சடையன் என்ற குரங்கு தன்னந்தனியாக இருந்தான்.

குரங்கு எங்கேயாவது தனியாக இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்காதுதான். சடையனும் ஒரு காலத்தில் பெரிய கூட்டத்துக்குத் தலைவன். பிறகு ஒரு இளவட்டம் சண்டைக்கு வந்தது. சடையன் தோற்றுப்போனான். தோற்ற தலைவனைக் குரங்குகள் தங்களோடு வைத்துக்கொள்வதில்லை. அது அவர்கள் வழக்கம். முந்தின நாள் வரை அவன் முதுகில் பேன் பார்த்தவர்கள்கூட அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பகல் எப்படியோ கழிந்துவிடும். காட்சிமுனைக்குச் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். கடலைத்தோல், சோளக்கதிர், எறிந்த பிஸ்கட் என்று வயிற்றுக்கு ஏதாவது அகப்படும். வெயில் இறங்கியபிறகுதான் கஷ்டம். மார்கழி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மலையில் மார்கழி வந்தால் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரைத் தாண்டக் குரங்குகளுக்குத் தெரிந்தது ஒரே வழி. கூட்டமாகக் கட்டிப்பிடித்து, ஒருவர் வயிற்றில் ஒருவர் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். சடையன் யாரைக் கட்டிப்பிடிப்பான்? முதுகில் குளிர் ஏறும்போதெல்லாம் அவனுக்கு ஒரே எண்ணம்தான். துணை கிடைக்காவிட்டால் இந்தப் பனியோடு நாம் முடிந்தோம்.

அப்படி இருக்கையில்தான் அவன் அந்த அதிசயத்தைக் கவனித்தான்.

காட்சிமுனைக்கு வருகிற மனிதர்கள் வரும்போது ஒட்டாமல்தான் வருவார்கள். அப்பா முன்னால் போவார். அம்மா பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வருவாள். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம். அப்புறம் யாராவது ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து, "எல்லாரும் சீஸ் சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான். எல்லாரும் ஓடிவந்து தோளோடு தோள் இடிக்க நிற்பார்கள். ஒருவர் கழுத்தில் ஒருவர் கை போட்டுக்கொள்வார்கள். "சீஸ்" என்று சொல்லிப் பல்லைக் காட்டுவார்கள்.

முதல் தடவை பார்த்தபோது சடையன் பயந்துபோய் மரத்தில் ஏறிவிட்டான். குரங்கு பல்லைக் காட்டினால் அடுத்தது கடிதான். ஆனால் இங்கே யாரும் யாரையும் கடிக்கவில்லை. இன்னும் நெருங்கித்தான் நின்றார்கள். அதற்கு மேல் சடையனால் பார்க்க முடியவில்லை. வயிற்றெரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எப்போது பார்த்தாலும் அந்த இடம் வந்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

பக்கத்துக் கிளையில் இருந்த கரிச்சி என்ற காக்கையைக் கேட்டான். "ஏம்மா கரிச்சி, சீஸ்னா என்ன?"

"இது தெரியாதா அண்ணே? ரொட்டிக்கு நடுவுல மஞ்சளா வைப்பாங்களே, அதுதான். கீழே பால்பண்ணையில செய்யறாங்க."

"அதைச் சொன்னதும் ஏன் எல்லாரும் ஒண்ணா வந்து நிக்கிறாங்க?"

"அதெல்லாம் எனக்கெதுக்கு? எனக்கு சீஸ்னா தீனி. உனக்குக் கிடைச்சா பாதி எனக்கு, சொல்லிட்டேன்."

சடையன் உட்கார்ந்து யோசித்தான். குரங்கு யோசித்தால் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? வாயால் சொன்னதற்கே இவ்வளவு நெருக்கம் என்றால், கையிலேயே வைத்திருந்தால் எவ்வளவு நெருக்கம் வரும் என்று கணக்குப் போட்டான்.

மறுநாள் ஒரு குடும்பம் சாப்பாட்டுக் கூடையைத் திறந்துவைத்துவிட்டுப் பள்ளத்தாக்கை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. சடையன் பாய்ந்தான். வெள்ளித்தாளில் சுற்றிய ஒரு கட்டி சீஸை அள்ளிக்கொண்டு ஓடினான். அன்று காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. வாசனை மூக்கைத் துளைத்தது. இருந்தும் அவன் அதில் ஒரு துணுக்கைக்கூட வாயில் போடவில்லை.

முதலில் கரிச்சியைத்தான் கூப்பிட்டான். அவள் வந்தாள். பக்கத்தில் ஒட்டியே உட்கார்ந்தாள். சடையனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் கரிச்சியின் கண் அவன் கையை விட்டு நகரவில்லை. தன் பங்கைக் கொத்தித் தின்று முடித்ததும் அலகைக் கல்லில் துடைத்துக்கொண்டு இறக்கையை விரித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இரேன்" என்றான் சடையன்.

"தீனிதான் முடிஞ்சுதே அண்ணே" என்றாள் அவள். அதில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. பறந்துபோய்விட்டாள்.

காட்சிமுனைக்கும் பால்பண்ணைக்கும் நடுவில் ஒரு பழைய கல்சுவர் உண்டு. அதன் அடியில் ஒரு வளையில் சின்னி என்ற சுண்டெலி இருந்தாள். அவளும் தனியாள்தான். மிச்ச சீஸை எடுத்துக்கொண்டு சடையன் அங்கே போனான். வளை வாசலில் மரியாதையாக வைத்துவிட்டு ஓரடி தள்ளி உட்கார்ந்தான்.

"சின்னி, உனக்கு சீஸ் கொண்டுவந்திருக்கேன். கொஞ்சம் வெளியே வந்து என் பக்கத்துல உக்காருறியா?"

 உள்ளேயிருந்து நடுங்குகிற குரல் கேட்டது.

"நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன் அண்ணே?"

சடையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "கெடுதலா? நான் கொடுக்கத்தானே வந்தேன்."

"எங்கம்மாவுக்கும் கொடுக்கத்தான் வச்சாங்க. மத்த ஊர்ல எலிப்பொறிக்கு மசால்வடை வைப்பாங்களாம். இங்கே பண்ணைக்காரங்க இதைத்தான் வைக்கிறாங்க. அம்மா இந்த வாசனையைத் தேடித்தான் உள்ளே போனா. பலகை டப்புன்னு விழுந்தது. பக்கத்துப் பொறியில என் தம்பி. உனக்கு யார் சொல்லி அனுப்பினாங்க? எடுத்துட்டுப் போயிடு அண்ணே. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

உள்ளிருந்து மண்ணைத் தள்ளித் தள்ளி அவள் வளையை அடைத்துக்கொண்டாள்.

சடையனுக்கு ஆத்திரமாக வந்தது. கொடுக்க வந்தவனைக் கொலைகாரன் ஆக்கிவிட்டாளே. எழுந்து நாலடி நடந்தான். திரும்பி வந்தான். "எனக்கு அது தெரியாதும்மா" என்று அடைத்த மண்ணைப் பார்த்துச் சொன்னான்.  சீஸை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். அது சில்லென்று இருந்தது.

பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கியது. தூரத்துச் சோலையில் அவன் பழைய கூட்டம் கீச்சுக்கீச்சென்று இடம் பிடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. இந்நேரம் யார் யார் மடியில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்க்காமல் பால்பண்ணைக்கு இறங்கினான்.

கொட்டகையின் கடைசியில், பக்கச்சுவர் இல்லாத இடத்தில், ஒரு பசுவைக் கட்டியிருந்தார்கள். உடம்பெல்லாம் புள்ளி என்பதால் அவளை எல்லாரும் புள்ளியம்மா என்றார்கள். சடையன் தயங்கித் தயங்கிக் கிட்டே போய் சீஸை நீட்டினான். புள்ளியம்மா அதை முகர்ந்தாள். தலையை மெல்லத் திருப்பிக்கொண்டாள்.

சடையன் கையை இழுத்துக்கொண்டான். வழக்கமான சடையனாக இருந்தால் திரும்பிப் போயிருப்பான். சின்னியின் வாசலில் பட்ட அடி அன்று அவனை நிறுத்தியது.

"உனக்கு இது என்ன அக்கா?" என்று கேட்டான்.



"இது என் கன்னு குடிக்காத பால்" என்றாள்.

சடையன் கையிலிருந்த சீஸைப் பார்த்தான்.

"ஆண் கன்னு. பண்ணையில அதுக்கு வேலை இல்லைன்னு லாரியில ஏத்திட்டாங்க. நெத்தியில வெள்ளைச் சுழி இருக்கும். லாரி வளைவுல திரும்பற வரைக்கும் கத்திக்கிட்டே போச்சு. மடி கனக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம்தான் கேக்குது. இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லைப்பா. பால் கறக்க வர்றவங்க பாலைத்தான் பார்ப்பாங்க."

சடையன் சீஸை வெள்ளித்தாளில் சுற்றி, கொட்டகைக்கு வெளியே தூரமாக எறிந்தான். வெறுங்கையோடு வந்து வைக்கோலில் உட்கார்ந்தான்.

"சொல்லு அக்கா. கன்னு எப்படி நடக்கும்?"

புள்ளியம்மா சொன்னாள். பின்னங்கால் தடுமாறுவதைச் சொன்னாள். காதைக் கடித்து இழுப்பதைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கால் மடக்கிப் படுத்துக்கொண்டாள். சடையன் தன் கூட்டத்தைப் பற்றிச் சொன்னான். யாரும் தன் முதுகைத் தொடாமல் எத்தனை காலம் ஆயிற்று என்றும் சொன்னான். பேச்சு மும்முரத்தில் அவன் எப்போது அவள் விலாவில் சாய்ந்தான் என்பது அவனுக்கே தெரியாது. காலையில் கண் விழித்தால் வெளியே புல்லெல்லாம் வெள்ளை. அந்த வருஷத்தின் முதல் உறைபனி. சடையனின் முதுகு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

அவன் எழுந்ததும் நேராகக் கல்சுவருக்குப் போனான். அடைத்த வளையின் முன்னால் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான்.

"கையில ஒண்ணும் இல்லை, பாரு. உன் தம்பி பேரு என்ன சின்னி?"

மண் கொஞ்சம் அசைந்தது. ஒரு மூக்கு தெரிந்தது.

"பொடியன்" என்றாள். "என்னைவிடச் சின்னவன். நான்தான் அவனை உள்ளே போகச் சொன்னேன் அண்ணே."

சடையன் வளைக்கு முன்னால் உட்கார்ந்தான். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் அங்கேயே இருந்தான். அன்று சாயங்காலம் சின்னி அவன் கக்கத்தில் ஒளிந்துகொண்டு கொட்டகைக்கு வந்தாள்.

அதன்பிறகு ஒரு நாள் பண்ணையைச் சுற்றிப்பார்க்க ஒரு குடும்பம் வந்தது. பசுவின் மேல் குரங்கு சாய்ந்திருப்பதைப் பார்த்து, அதற்கு முன்னால் போய் நின்றார்கள். தோளோடு தோள். கழுத்தில் கை. "சீஸ்" என்றார்கள்.

கூரைமேல் இருந்த கரிச்சி, "அண்ணே, இன்னிக்காவது முகத்தைத் திருப்பாம முழுசாப் பாரு" என்றாள்.

சடையன் பார்த்தான். போன் கிளிக்கென்றது. உடனே எல்லாக் கைகளும் எல்லாக் கழுத்துகளிலிருந்தும் இறங்கின. அப்பா தன் போனைப் பார்த்துக்கொண்டு ஒரு பக்கம் போனார். அம்மா இன்னொரு பக்கம் போனாள். கடைசியில் நின்ற சின்னப் பெண் மட்டும், பிடித்திருந்த கை போன பிறகும், தன் கையைக் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றாள்.

சடையனுக்குத் திடுக்கென்றது. புள்ளியம்மாவும் போயிருப்பாளோ என்று பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான். புள்ளியம்மா அசை போட்டுக்கொண்டு அப்படியே படுத்திருந்தாள். அவள் நகரவே இல்லை.

துணை தேடிப் போகிறவர் கையில் எதைக் கொண்டுபோகலாம் என்று யோசிப்பதை விட்டு, எதிரே இருப்பவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு உட்கார வேண்டும்.