மணல்துறையைப் பார்க்காத கடமான்

மஞ்சக்கொம்பைக் காட்டில் செங்கோடன் என்றொரு கடமான் இருந்தார். காட்டுக் குட்டிகளின் சாரணர் குழுவுக்கு அவர்தான் தலைவர். கழுத்தில் பச்சைத் துணி, அதன் நுனியில் ஒரு விசில். அவர் விசில் ஊதினால் பதினான்கு குட்டிகளும் ஓடி வந்து வரிசையில் நிற்கும். முயல், பன்றி, மரநாய், முள்ளம்பன்றி என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, மாசி மாதத்தில், சனியும் ஞாயிறும் வெளியே தங்கி முகாம் நடத்துவார்கள். ஆற்றைக் கடந்துபோய் அக்கரை மணல்திட்டில் கூடாரம் போடுவார்கள். அந்த இடத்துக்கு மணல்துறை என்று பெயர்.

முகாமுக்கு ஒரு விதி உண்டு. பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன் தலைவர் நேரில் போய் இடத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். ஒன்று சரிப்படாவிட்டால் இன்னொன்று.

புதன்கிழமை காலை செங்கோடன் இடம் பார்க்கக் கிளம்பினார். பாதி வழியில் வெயில் ஏறிவிட்டது. அங்கே ஒரு நெல்லி மரம். கீழே காய்கள் உதிர்ந்து கிடந்தன. பத்துப் பதினைந்து காய்களைத் தின்றார். நிழல் குளுகுளுவென்று இருந்தது.

"ஆறு வருஷமாப் போற இடம். புதுசா அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தார். கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எழுந்து வந்த வழியே திரும்பிவிட்டார்.

மைதானத்தில் பெற்றோர் காத்திருந்தார்கள். துணைத் தலைவர் நாச்சிமுத்துவும் இருந்தார். அவர் ஓர் அழுங்கு, அதாவது எறும்புதின்னி. உடம்பெல்லாம் ஓடு. செங்கோடன் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

"பார்த்துட்டு வந்துட்டீங்களாண்ணா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"பார்த்தாச்சு" என்றார் செங்கோடன்.

பழனாத்தாள் என்ற முயல் முன்னால் வந்தாள். அவள் மகள் துளசிக்கு இதுதான் முதல் முகாம்.

"ஆத்துல தண்ணி எவ்வளவு இருக்குதுங்க தலைவரே?"

"முழங்கால் அளவுதான்."

"யாரு முழங்காலுங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். செங்கோடனும் சிரித்தார். "ஓரமாப் போனா பிள்ளைகளுக்கு வயிறு நனையும், அவ்வளவுதான். அடியில நல்ல கெட்டி மணல். நானே இறங்கிப் பார்த்தேன். வர்ற வழியில ரெண்டாவது இடமா ஈச்சம்பாறையையும் பார்த்துட்டேன். அதுவும் நல்லாத்தான் இருக்கு."

பழனாத்தாளுக்கு மனம் நிம்மதியானது. நேராக வீட்டுக்குப் போய் மகளுக்குப் பை கட்டத் தொடங்கினாள்.

வியாழக்கிழமை முழுவதும் பயிற்சி நடந்தது. கூடாரக் கழி நடுவது எப்படி, வழி தவறினால் எத்தனை முறை விசில் ஊதுவது, காலில் முள் ஏறினால் என்ன செய்வது என்று செங்கோடன் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். நன்றாகச் சொல்லிக் கொடுப்பார். அதில் குறையே கிடையாது.

கடைசியாக ஆறு கடக்கும் பயிற்சி. நீளமான ஒரே கயிறு. பதினான்கு குட்டிகளும் அதை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் அவிழாத முடிச்சு ஒன்று இருக்கிறது. ஆளுக்கொரு துண்டுக் கயிற்றை இடுப்பில் கட்டி அதை எல்லோரும் போடக் கற்றுக்கொண்டார்கள். எல்லோரையும்விட வேகமாகப் போட்டது துளசி.

"துளசிதான் வரிசையில் முதல்" என்றார் செங்கோடன். "என்ன நடந்தாலும் யாரும் முடிச்சை அவிழ்க்கக் கூடாது. ஒருத்தரை விட்டு ஒருத்தர் பிரியக் கூடாது. புரியுதா?"

"புரியுது தலைவரே!" என்று பதினான்கு குரல்கள் கத்தின. துளசிக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் இடுப்பில் கட்டிய துண்டுக் கயிற்றைக் கழற்ற மறுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை செங்கோடனும் நாச்சிமுத்துவும் கூடாரத்துக்கான மூங்கில்களை முன்கூட்டியே அக்கரையில் கொண்டுபோய் வைக்கக் கிளம்பினார்கள். நாச்சிமுத்து ஒரு கட்டு மூங்கிலை முதுகில் ஏற்றிக் கட்டிக்கொண்டார். வழியெல்லாம் முகாமில் குட்டிகளுக்கு என்ன விளையாட்டு வைக்கலாம் என்றே பேசிக்கொண்டு வந்தார்.

ஆறு அமைதியாக இருந்தது. தண்ணீர் பளபளவென்று மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கமா இறங்கணும்ணா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"எப்பவும் போற பக்கம்தான். நேராப் போ."

நாச்சிமுத்து இறங்கினார். நான்கு அடி வைத்தார். தண்ணீர் அவர் வயிற்றைத் தொட்டது. ஐந்தாவது அடி வைத்தார்.

அவரைக் காணவில்லை.

செங்கோடனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கூச்சல் இல்லை, தண்ணீர் தெறிக்கவும் இல்லை. நாச்சிமுத்து நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் வட்டமாகச் சுழன்றது. பிறகு மூங்கில் கட்டு மேலே வந்தது. கட்டு மட்டும்தான் வந்தது.

"நாச்சி!" என்று அலறிக்கொண்டு செங்கோடன் பாய்ந்தார்.

அவர் நெடுநெடுவென்று உயரம். இந்த ஆற்றில் அவருக்குக் கால் எட்டாத இடம் இருந்ததே இல்லை. இப்போது நான்கு கால்களையும் நீட்டினார். எதுவும் எட்டவில்லை. கீழே மணல் இல்லை. வெறும் பள்ளம், கரும் தண்ணீர், ஐஸ் போலக் குளிர்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டார். கொம்பால் துழாவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடி உள்ளே போனார். மூன்றாவது தடவை கொம்பில் ஏதோ கனமாக மாட்டியது. பயந்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்வது அழுங்குகளின் வழக்கம். சுருண்ட நாச்சிமுத்து கல்லைப் போல அடிக்குப் போயிருந்தார். எப்படியோ அவருடைய வால் கொம்பின் கிளையைச் சுற்றிக்கொண்டது.

செங்கோடன் அவரைக் கரைக்கு இழுத்து வந்து போட்டார். ஓடுகளுக்கு இடையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. உருண்டை அசையவில்லை. செங்கோடன் மூக்கால் முட்டினார், உருட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெகுநேரம் கழித்து உருண்டை மெல்ல அவிழ்ந்தது. நாச்சிமுத்து இருமினார். இன்னொரு முறை இருமி, குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினார்.

செங்கோடன் அப்போதுதான் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். அக்கரையில் மணல்திட்டு முழுதாக இல்லை. பாதியை யாரோ கத்தியால் அறுத்து எடுத்தது போல இருந்தது. கரையெல்லாம் லாரிச் சக்கரத் தடங்கள். மனிதர்கள் வந்து மணலை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். ஆற்றைக் கடக்கும் துறையில் இருந்த மணலையும் விடவில்லை. தோண்டிய குழியை ஆற்றுத் தண்ணீர் மூடிவிட்டது. சக்கரத் தடங்களில் புல் முளைத்திருந்தது. அள்ளி ஒரு மாதமாவது ஆகியிருக்கும்.

நாச்சிமுத்துவின் கண்ணெல்லாம் மண். அவருக்குப் புல் தெரியவில்லை.

"புதன்கிழமை நீங்க பார்த்தப்ப நல்லா இருந்துச்சேண்ணா" என்றார் முனகிக்கொண்டே. "ரெண்டே நாள்ல இப்படித் தோண்டிட்டுப் போயிட்டானுங்களே, பாவிங்க."

செங்கோடன் தடங்களில் முளைத்த புல்லைப் பார்த்தார்.

"ஆமா" என்றார்.

திரும்பும் வழியில் நாச்சிமுத்து லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தார். செங்கோடன் காதில் எதுவும் விழவில்லை. அவர் கண் முன்னால் ஒரு கயிறு மட்டும் தெரிந்தது. அதில் முதலில் துளசி. அவள் பின்னால் பதின்மூன்று பேர். எவ்வளவு இழுத்தாலும் அவிழாத முடிச்சு. என்ன நடந்தாலும் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள். நிச்சயம் அவிழ்த்திருக்க மாட்டார்கள். நடந்துகொண்டிருந்தவர் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னண்ணா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. வா."

மாலையில் மைதானத்தில் எல்லோரும் கூடினார்கள். நாச்சிமுத்து நடந்ததைச் சொன்னார். கூட்டம் திகைத்துப்போனது. பழனாத்தாள் மகளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் மட்டும் இல்லைன்னா இந்நேரம் நான் இல்ல" என்றார் நாச்சிமுத்து.

எல்லோரும் செங்கோடனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குட்டிகளின் முகம் வாடியதைப் பார்த்த மாரப்பன் என்ற பன்றி எழுந்து பேசினார். அவருடைய இரண்டு பிள்ளைகள் குழுவில் இருந்தார்கள்.

"பை எல்லாம் கட்டியாச்சு. பிள்ளைங்க மூணு நாளாத் தூங்கலை. முகாமை எதுக்கு விடணும்? தலைவர்தான் ஈச்சம்பாறையையும் பார்த்துட்டு வந்திருக்காரே. நாளைக்கு அங்கே போகட்டும்."

"ஆமாங்க, அண்ணன் பார்த்திருக்காரு" என்றார் நாச்சிமுத்து.

குட்டிகள் குதித்தார்கள். பைகளைத் தூக்கித் தோளில் மாட்டினார்கள். பழனாத்தாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தலைவர் பார்த்த இடம்னா சரிங்க. துளசி, வா, பையில இன்னும் ரெண்டு கிழங்கு வைக்கிறேன்."

செங்கோடன் பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவர் துளசியைப் பார்த்தார். இடுப்பில் இன்னும் அந்தக் கயிறு இருந்தது.

"நான் ஈச்சம்பாறையைப் பார்க்கலை" என்றார்.

யாரும் புரிந்துகொள்ளவில்லை. வேறு ஏதோ சொல்கிறார் என்று நினைத்தார்கள்.

"என்ன சொல்றீங்க?" என்றாள் பழனாத்தாள்.

"ஈச்சம்பாறைக்கு நான் போகலை."

"சரிங்க. மணல்துறைக்குப் போனீங்கல்ல?"

"அங்கேயும் போகலை."

"அப்ப புதன்கிழமை முழுக்க எங்கே இருந்தீங்க?"

"நெல்லி மரத்தடியில் படுத்திருந்தேன்."

குட்டிகளின் தோளிலிருந்து பைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மாரப்பனின் வாய் திறந்தபடியே நின்றது. பழனாத்தாள் குனிந்து மகளின் இடுப்பில் இருந்த கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு அவிழவில்லை. கடைசியில் பல்லால் கடித்து அறுத்தாள்.

நாச்சிமுத்துதான் செங்கோடன் பக்கத்தில் வந்தார்.

"வழியெல்லாம் நான் லாரிக்காரனைத் திட்டிக்கிட்டு வந்தேனேண்ணா" என்றார் மெதுவாக. "நீங்களும் ஆமான்னு சொன்னீங்களே."

நாச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். ஆற்றில் மூழ்கியபோதுகூட அவர் அவ்வளவு அதிர்ந்திருக்கவில்லை.

முகாம் நின்றுபோனது. செங்கோடன் கழுத்துத் துணியையும் விசிலையும் கழற்றிப் புல்லின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் பழனாத்தாள் நின்றாள். கூடவே மாரப்பனும் நாச்சிமுத்துவும்.

"ஈச்சம்பாறையைப் பார்க்கப் போறோம்" என்றாள் பழனாத்தாள். "நீங்களும் வாங்க. முன்னாடி நடங்க."

நால்வரும் போனார்கள். வழியில் யாரும் அவரோடு பேசவில்லை. ஈச்சம்பாறையின் ஒவ்வொரு பொந்தையும் பார்த்தார்கள். பாறைக்கு மேலே தேன்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார்கள். சிறுத்தையின் காலடித் தடம் தேடினார்கள். பாறைக்குக் கீழே ஓடும் ஓடையில் செங்கோடன் இறங்கி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அடிமேல் அடி வைத்து நடந்தார்.

ஒரு குறையும் இல்லை. அழகான இடம்.

"நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தாக்கூட ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார் மாரப்பன்.

"அது இப்பத்தானே தெரியுது" என்றாள் பழனாத்தாள்.

அடுத்த சனிக்கிழமை முகாம் நடந்தது. இப்போது தலைவர் நாச்சிமுத்து. செங்கோடன் மூங்கில் சுமந்து வந்தார். அந்த வாரம் முழுவதும் நாச்சிமுத்து அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடாரம் போட்டு முடித்ததும் குட்டிகள் ஓடைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். நாச்சிமுத்து செங்கோடன் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு ஓடையைப் பார்த்தாச்சா?"

போன வாரம் எல்லோரும் சேர்ந்து பார்த்த ஓடைதான். பார்த்தாச்சு என்று சொல்லியிருக்கலாம்.

"இன்னைக்கு இன்னும் பார்க்கலை" என்றார் செங்கோடன். "இருங்க, போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

அவர் போனார். குட்டிகள் பொறுமையில்லாமல் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தொடைவரை நனைந்த கால்களோடு அவர் திரும்பி வந்தார். நாச்சிமுத்து அந்தக் கால்களைப் பார்த்தார். பிறகு விசிலை ஊதினார்.

"போங்க பிள்ளைங்களா" என்றார். "அண்ணன் பார்த்துட்டு வந்துட்டாரு."

பிறர் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்றவர், பார்க்காததை ஒருபோதும் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது.