மண்ணு பூசின கடுதாசி

அந்தக் காட்டுல கடுதாசி கொண்டுபோற வேலையை மொதல்ல மைனாதான் பாத்துச்சு. அதோட வாய் இருக்கே! முள்ளம்பன்றி வீட்டுக் கல்யாணக் கடுதாசியைப் பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள காடெல்லாம் பாடிருச்சு. கல்யாணமே நின்னு போச்சு. அந்த மாப்பிள்ளை அப்புறம் முள்ளெல்லாம் கொட்டிப் போயி... சரி, அது எதுக்கு இப்ப?

பூவாயின்னு ஒரு சருகுமான். முயல் உசரந்தான் இருக்கும். ஆனா தண்ணித் துறையில எல்லார் முன்னாடியும், "சிறுத்தை நமக்குத் தலைவனா வரக் கூடாது!"ன்னு சொல்லிப்புடுச்சு. அன்னியிலேர்ந்து சிறுத்தை பழி வாங்கப் பூவாயியோட குட்டியைத் தேடுது. பூவாயி குட்டியைக் கெழக்கால மூங்கில் புதர்ல இருக்கிற தங்கச்சிகிட்ட ஒளிச்சு வச்சுட்டுத் தனியா அலைஞ்சுச்சு. தெனம் தங்கச்சிக்கு ஒரு இலைக் கடுதாசி. அதுலதான் அதோட உசுரு ஓடுச்சு.

இப்பக் கொண்டு போறது கொண்டையப்பன்னு ஒரு இருவாச்சி, பெரிய மூக்குப் பறவை. இருவாச்சிங்க முட்டை வைக்கிறப்ப பொண்டாட்டியைப் பொந்துல உக்கார வச்சு, வாசலை மண்ணால அடைச்சிருமுல்ல? ஒரு கீறல் வழியாத்தான் சாப்பாடு. அதே மாதிரி ஒவ்வொரு இலையையும் சுருட்டி மண்ணு பூசித்தான் கொண்டுபோகும். "கட்டினவளையே இப்படிக் காப்பாத்துற மனுசன், என் இலையைக் காப்பாத்த மாட்டாரா?"ன்னு பூவாயி நம்புச்சு.

ஒருநாள் கொண்டையப்பன் மர உச்சியில நின்னு கத்துச்சு. "சின்னஞ்சிறுசுங்களுக்கு நெசமான காவல் சிறுத்தை அண்ணன்தான்!"

பூவாயி அதைக் கேட்டு மரத்தடிக்கு ஓடுச்சு.

"மாமா, நீங்களா இப்படிப் பேசுறீங்க?"

"அது என் சொந்தக் கருத்து தாயி! தொழில் வேற, கருத்து வேற. உன் இலையை என்னிக்காவது பிரிச்சிருக்கேனா?"

"இல்ல மாமா..."

"அப்புறம் என்ன? போ, போ!"

பக்கத்துக் கிளை அணில், "அக்கா, வேற ஆளைப் பாரு!"ன்னுச்சு.

"வேற யாருடி இருக்கா? அந்த ஓட்டை வாய் மைனாவா? இவரு பூசுற மண்ணுல ஒரு விரிசல் உண்டா, சொல்லு!"

மறுநாளும் எழுதுச்சு. அதுக்கு மறுநாளும்.

மூணாம் நாள் இலை அப்படியே திரும்பி வந்துச்சு. மண்ணு கூட உதிரல.

"வாங்கிக்க ஆளில்ல தாயி"ன்னுச்சு கொண்டையப்பன். "மூங்கில் புதர் காலியாக் கெடக்கு."

"என் குட்டி?"

கொண்டையப்பன் மேல் கிளைக்குத் தாவுச்சு.

"எங்க இருக்குன்னு யாருகிட்ட சொன்னே?"

"சத்தியமா எதையும் பிரிக்கல! 'பூவாயி இலை எந்தப் பக்கம் போவுது'ன்னு மட்டும் அண்ணன் கேட்டாரு. மூக்கைக் கெழக்கால திருப்பினேன். அம்புட்டுதான்!"

பூவாயி அந்த மண்ணைப் பல்லால ஒடைச்சுது. உள்ள அது எழுதின ஒரே வரி. "குட்டி கால்ல குத்துன முள்ளை எடுத்துட்டியா?"

அதனாலதான் சொல்றேன் கண்ணுங்களா, நம்ம ரகசியத்தைச் சொமக்குறவன் யார் பக்கம்னு அவனே வாய்விட்டுச் சொல்லிட்டா, அவன் பூட்டு எவ்வளவு கெட்டின்னு பாத்துக்கிட்டு நிக்காம அன்னிக்கே அதை அவன் கையிலேர்ந்து வாங்கிருங்க.