மூன்று மாப்பிள்ளைகள் கார் பார்க்கப் போனது

கலியபெருமாளுக்குப் பெண்கள் நான்கு. மூன்று பேரைக் கட்டிக் கொடுத்தாயிற்று. வாய்த்த மாப்பிள்ளைகள் மூன்று பேருமே தங்கமானவர்கள். சொன்ன பேச்சைத் தட்டமாட்டார்கள். ஊரில் அவர்களைப் பற்றி இருந்த ஒரே குறை, அவர்கள் சொன்ன பேச்சைத் தட்டமாட்டார்கள் என்பதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலாவது பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பையன் என்ஜினீயர், சொந்தக் காரில் வருவானாம். இதைக் கேட்டதிலிருந்து மூத்த மாப்பிள்ளை நீலமேகத்துக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வீட்டுப் பந்தியில் முதல் இலை இதுநாள்வரை அவருக்குத்தான். காரில் வந்து இறங்குகிறவனுக்கு அது போய்விட்டால்? அதனால், "நம்ம வாசல்லயும் ஒரு கார் நிக்கணும் மாப்ளே" என்று மாமனாரே வாயைத் திறந்து சொன்னபோது நீலமேகத்துக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

மாமனாருக்குக் கால் சுளுக்கு. கட்டிலில் படுத்தபடியே யோசனை சொன்னார்.

"ஹைபிரிட்டுன்னு ஒண்ணு இருக்கு, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும். எலெக்ட்ரிக்னு ஒண்ணு இருக்கு, வெறும் கரண்டுதான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்து, எது தேவலையோ அதை எடுத்துக்கிட்டு வாங்க."

"பக்கத்துல பக்கத்துல" என்று நீலமேகம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். இரண்டாவது மாப்பிள்ளை உத்திராபதியும் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது மாப்பிள்ளை சேதுராமன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, டவுனுக்குள் நுழையும்போது மறந்துவிட்டு, மற்ற இருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஷோரூமில் பர்வீன் என்ற பெண் சிரித்த முகத்தோடு வரவேற்றாள். அந்தச் சிரிப்பைப் பிறகு அன்று முழுக்க யாரும் பார்க்கவில்லை.

"இது ஹைபிரிட் சார்" என்றாள்.

உத்திராபதி முகத்தைச் சுளித்தார். "வீட்ல ஹைபிரிட் தக்காளி போட்டுப் பார்த்தோம்மா. பார்க்கத்தான் பளபளன்னு இருக்கும். ரசத்துல ருசியே இல்ல. நாட்டுக் கார் இருக்கா?"

"விதை எடுத்தாலும் முளைக்காது" என்றார் சேதுராமன்.

நீலமேகம் அவர்களை அடக்கினார். "நாம என்ன காரை ரசத்துலயா போடப் போறோம்? நீ மேல சொல்லும்மா."

பர்வீன் எலெக்ட்ரிக் காரைக் காட்டினாள். கரண்ட் என்றதுமே சேதுராமன் கால் செருப்பைக் கழற்றிக் கைகளில் மாட்டிக்கொண்டு, அதன் பிறகே காரைத் தொட்டார்.

"இதுல புகையே வராது சார்."

உத்திராபதி உள்ளே ஏறி உட்கார்ந்து, ஒரு பீடியைப் பற்ற வைத்து, நாலு இழுப்பு இழுத்தார். பிறகு கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, "வருதேம்மா" என்றார்.

"அது பீடிப் புகை சார்!"

"புகையில என்னம்மா சாதி?"

பர்வீன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பிறகு, "ஹைபிரிட்டுக்கு சார்ஜ் போடவே வேண்டாம் சார், பிரேக் போடப் போட பேட்டரி தானாவே ஏறிக்கும். எலெக்ட்ரிக்கை மட்டும் வீட்டுல பிளக்ல சொருகிட்டுத் தூங்கிடுங்க. எந்திரிக்கும்போது ஃபுல்லா இருக்கும்" என்றாள்.

இதைச் சோதித்துப் பார்க்காமல் வாங்குவது முறையில்லை என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். ஷோரூம் மூலையில் எலெக்ட்ரிக் காரைப் பிளக்கில் சொருகினார்கள். மேல்துண்டுகளை விரித்து வரிசையாகப் படுத்தார்கள். உத்திராபதி உடனே குறட்டை விட்டார். நீலமேகமும் கண்ணசந்தார். விழித்துப் பார்த்தால் பேட்டரி பாதிதான் ஏறியிருந்தது. பக்கத்தில் சேதுராமன் கண்ணை அகல விரித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார்.

"ஏன் சகலை, தூங்கலியா நீ?"

"பகல்ல எனக்குத் தூக்கம் வராதுண்ணே."

"அதான் ஏறல! நாங்க ரெண்டு பேர் உயிரைக் கொடுத்துத் தூங்குறோம். நீ சும்மா படுத்துக்கிட்டு இருக்கே!" என்று நீலமேகம் சீறினார். நிச்சயதார்த்தத்தை வைத்துக்கொண்டு இப்படிப் பொறுப்பில்லாமல் இருப்பார்களா?

சரி, ஓட்டிப் பார்க்கலாம் என்றாள் பர்வீன். ஒவ்வொன்றாக ஓட்ட அவர்கள் சம்மதிக்கவில்லை. மாமனார் பக்கத்தில் பக்கத்தில் என்றல்லவா சொல்லியிருக்கிறார்! ஹைபிரிட்டை உத்திராபதி ஓட்ட, பர்வீன் அதில் ஏறிக்கொண்டாள். எலெக்ட்ரிக்கைச் சேதுராமன் ஓட்டினார். ஷோரூம் ஊழியர் ஒருவர் அவருக்கு அருகே உட்கார்ந்தார். பின் சீட்டில் நீலமேகம், ஜன்னல் வழியாக ஹைபிரிட் மேல் வைத்த கண்ணை எடுக்காமல்.

இரண்டு காரும் சாலையை அடைத்துக்கொண்டு ஜோடியாகப் போயின. பேட்டரி ஏறட்டும் என்று உத்திராபதி பத்தடிக்கு ஒரு பிரேக் போட்டார். ஜோடி பிரியக்கூடாதே என்று சேதுராமனும் போட்டார். பின்னால் ஒரு டவுன் பஸ், அதன் பின்னால் வைக்கோல் லாரி, அதன் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஹாரன் சத்தம்.

"ஒதுங்குங்கய்யா!" என்று பஸ் டிரைவர் கத்தினார்.

சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள் அல்லவா? ஒருவர் இடப்பக்கம் ஒதுங்கினார், ஒருவர் வலப்பக்கம் ஒதுங்கினார். நடுவில் பஸ் புகுந்து போனது. அது முழுதாகப் போய் முடிகிறவரை நீலமேகத்தின் கண்ணுக்கு ஹைபிரிட் தெரியவில்லை.

"நிறுத்துங்க!" என்றார் கலக்கத்தோடு. "நடுவுல பஸ் வந்துடுச்சு. இதுவரைக்கும் பார்த்தது செல்லாது. மறுபடியும் முதல்லேருந்து வாங்க."

முதலிலிருந்து வந்தார்கள். இந்தத் தடவை ஆட்டு மந்தை வந்தது. ஒருவழியாக ஷோரூமுக்குத் திரும்பியதும், எலெக்ட்ரிக்கில் கூட வந்த ஊழியர் யாரிடமும் பேசாமல் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

பர்வீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சார், தினம் எவ்வளவு தூரம் போவீங்க?"

"வீட்டுலேருந்து டவுனு, டவுனுலேருந்து வீடு."

"வீட்டுல பிளக் இருக்குல்ல? அப்ப யோசிக்கவே வேண்டாம். உங்களுக்கு எலெக்ட்ரிக்தான். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போகலாம். வண்டியை வெளியில விடச் சொல்றேன்" என்று உள்ளே போனாள்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யோசிக்க வேண்டாம்னுட்டா" என்றார் உத்திராபதி.

"கண்ணை மூடணும்னுட்டா" என்றார் சேதுராமன்.

"ஓட்டுறவரும் மூடணுமா அண்ணே?" என்று கேட்டார் உத்திராபதி.

பதில் சொல்ல நீலமேகம் யோசிக்க வேண்டியிருக்கும். யோசிக்கக் கூடாதே. இறுகக் கண்ணை மூடிக்கொண்டு, சகலைகள் இருவரோடும் கைகோத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தார்.

வெளியே ஒரு பழுதான கார் நின்றது. அதை வேறு ஊர் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக ஒரு ரெக்கவரி லாரி வந்து, பின் பலகையைத் தரைவரை சாய்த்து, காரின் முன்பக்கம் இரும்புக் கயிற்றை மாட்டியிருந்தது. லாரிக்காரர் அந்தப் பக்கம் நின்று கயிற்றை இழுக்கும் லிவரைத் தேடிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நீலமேகத்தின் கைக்குக் கார்க் கதவு தட்டுப்பட்டது. ஏறிக்கொண்டார்கள்.

உட்கார்ந்த மாத்திரத்தில் கார் நகர்ந்தது.

"சாவி போட்டியா சகலை?"

"இல்லண்ணே. தானாவே போகுது."

"மேடு ஏறுது பாரு, ஒரு முக்கல் முனகல் இல்லாம!"

கொஞ்ச நேரத்தில் காற்று சிலுசிலுவென்று அடித்தது. நீலமேகத்தின் மனசு நிறைந்தது. முதல் இலையும் அதில் விழப்போகும் ஜாங்கிரியும் மூடிய கண்ணுக்குள் தெரிந்தன. மாமனாருக்குப் போன் போடாமல் இருக்க முடியவில்லை. பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்தினார்.

"மாமா, முடிச்சாச்சு! அருமையான வண்டி. பெட்ரோலும் குடிக்கல, கரண்டும் குடிக்கல."

"சந்தோசம் மாப்ளே. எங்க வந்துக்கிட்டிருக்கீங்க?"

"அது கண்ணைத் திறந்தாத்தான் தெரியும் மாமா."



"வண்டியை யாரு ஓட்டுறது?"

நீலமேகம் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். வலப்பக்கம் உத்திராபதி இருந்தார். இடப்பக்கம் சேதுராமன் இருந்தார். முன்னால் கையை நீட்டினார். காலி சீட்தான் தட்டுப்பட்டது.

"நாங்க மூணு பேரும் பின்னாடி சௌகரியமா உட்கார்ந்திருக்கோம் மாமா."

"அய்யய்யோ!" கட்டில் கிறீச்சிடும் சத்தம் போனில் கேட்டது. "மாப்ளே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மூணு பேரும் இருக்கிற இடத்தை விட்டு ஒரு அடி நகராதீங்க!"

நீலமேகம் அதை மற்ற இருவரிடமும் கவனமாகச் சொன்னார். மூவரும் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

"நாங்க நகரல மாமா" என்றார் நீலமேகம். "வண்டிதான் நகருது."